ஒரு சீசன் சாதனையை எடைபோடுவது எப்படி? கூடைப்பந்துக்கும் பேஸ்பாலுக்கும் ஒரு கணக்கு வழிகாட்டி

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் 1961-62 சீசனில் வில்ட் சேம்பர்லெய்ன் ஆட்டத்துக்கு 50.4 புள்ளி எடுத்தார். 1968இல் பேஸ்பால் பிட்சர் (பந்து வீசுபவர்) பாப் கிப்சனின் ஈஆர்ஏ, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் தன் பொறுப்பில் விட்ட ரன், 1.12. 2001இல் பேரி பாண்ட்ஸ் 73 ஹோம் ரன் அடித்தார். மூன்றுமே மலைக்க வைக்கும் எண்கள். எவ்வளவு மலைக்கலாம் என்பதை மட்டும் அந்த எண்கள் தாமாகச் சொல்வதில்லை. பள்ளியில் பின்னம் படித்திருப்போம்: மேலே தொகுதி, கீழே பகுதி. சாதனைப் பட்டியல்கள் பெரும்பாலும் தொகுதியை மட்டும் அச்சிட்டுவிட்டு நின்றுவிடும். எத்தனை ஆட்டம், எத்தனை நிமிடம், எத்தனை வாய்ப்பு, அந்த ஆண்டு மற்றவர்கள் சராசரியாக எவ்வளவு என்பதெல்லாம் பகுதி. அதைத் தேடி எடுத்து எழுதிவிட்டால் 'யார் பெரியவர்' என்ற சண்டையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

வேண்டியவை அதிகமில்லை. ஒரு எக்செல் தாள், வீரரின் அந்த சீசன் மொத்தக் கணக்கு, அதே சீசனின் லீக் சராசரி. பேஸ்கட்பால் ரெஃபரன்ஸ், பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளங்களில் ஒவ்வொரு சீசனுக்கும் லீக் சராசரி தனியாகக் கிடைக்கும். வீரரின் பக்கத்தோடு லீக் பக்கத்தையும் சேர்த்தே திறந்து வையுங்கள். லீக் பக்கத்தைப் பார்க்காமல் போட்ட கணக்குகள்தாம் பெரும்பாலும் தப்பாகப் போகின்றன.

எண் எந்த வகை?

முதல் வேலை, கையில் இருக்கும் எண் மொத்தமா, ஆட்டத்துக்கு எவ்வளவு என்ற சராசரியா, வாய்ப்புக்கு எவ்வளவு என்ற விகிதமா என்று பிரித்து எழுதுவது. இதைக் கலந்துவிட்டால் அடுத்து எது செய்தாலும் வீண்.

2004இல் சியாட்டில் அணியின் இச்சிரோ சுஸுகி 262 ஹிட் (பந்தை அடித்துவிட்டு, ஓட்டத்தின் நிலையான பேஸை அவுட் ஆகாமல் எட்டுவது) அடித்து, 1920இல் ஜார்ஜ் சிஸ்லர் வைத்திருந்த 257ஐத் தாண்டினார். 84 ஆண்டு நின்ற சாதனை அது. இச்சிரோவின் 262 வந்தது 704 அட்-பேட்டில் (அடிக்க வந்ததாகக் கணக்கில் சேரும் முறைகளில்). சிஸ்லரின் 257 வந்தது 631இல். வகுத்துப் பார்த்தால் இச்சிரோ .372, சிஸ்லர் .407. மொத்தத்தில் முன்னவர், விகிதத்தில் பின்னவர். இரண்டுமே உண்மை. 'சாதனையை முறியடித்தார்' என்று எழுதும்போது எந்தச் சாதனை என்பதையும் எழுதிவிட வேண்டும்.

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேஸ்பாலில் பேட்டிங் சராசரி என்பது ரன்னை அவுட்டால் வகுப்பதல்ல. ஹிட்டை அட்-பேட்டால் வகுப்பது. நான்கு பந்து தவறாகப் போய் வாக் (அடிக்காமலே முதல் பேஸுக்குப் போகும் உரிமை) கிடைத்தால் அது அட்-பேட் கணக்கில் சேராது. 2004இல் பாண்ட்ஸ் 617 முறை களத்துக்கு வந்தார். அதில் 232 வாக், அவற்றில் 120 எதிரணி வேண்டுமென்றே கொடுத்தவை. அட்-பேட்டாக மிஞ்சியது 373தான். அந்த சீசனில் அவருடைய சராசரி .362, பேஸை அடைந்த விகிதம்.609. சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு அந்த ஆண்டின் பெரிய அதிசயம் கண்ணிலேயே படாது.

சேம்பர்லெய்னின் 50.4: படிப்படியாக ஒரு கணக்கு

இந்த ஒன்றை முழுதாகப் போட்டுப் பழகினால் மற்றதெல்லாம் தானாக வரும்.

மொத்தத்தைச் சரிபாருங்கள். பிலடெல்ஃபியா வாரியர்ஸ் அணிக்காக 80 ஆட்டம். 1,597 ஃபீல்ட் கோல் (ஆட்டத்தின் ஓட்டத்தில் போட்ட கூடை), 835 ஃப்ரீ த்ரோ (எதிராளியின் தவறுக்காகத் தடையின்றி எறிவது, தலா ஒரு புள்ளி). மூன்று புள்ளிக் கோடு அன்று என்பிஏவில் இல்லை, எனவே 1,597ஐ இரண்டால் பெருக்கி 835ஐக் கூட்டுங்கள்: 4,029. எண்பதால் வகுத்தால் 50.36. கணக்கு ஒத்துப்போகிறது. இந்தச் சரிபார்ப்பைத் தவிர்க்காதீர்கள். நகலெடுத்து நகலெடுத்து வந்த பட்டியல்களில் ஓர் இலக்கம் மாறியிருப்பது சாதாரணம்.

அடுத்து நிமிடம். ஓர் ஆட்டத்துக்கு 48 நிமிடம், 80 ஆட்டத்துக்கு 3,840. அந்த அணி அந்த ஆண்டு பத்துக் கூடுதல் நேரப் பகுதிகள் ஆடியது. ஒவ்வொன்றும் 5 நிமிடம். ஆக 3,890. சேம்பர்லெய்ன் ஆடியது 3,882. சீசன் முழுவதும் அவர் வெளியே இருந்தது எட்டே நிமிடம், அதுவும் ஓர் ஆட்டத்தில் நடுவர் வெளியேற்றியதால். ஆட்டத்துக்குச் சராசரி 48.5 நிமிடம், அதாவது ஆட்டத்தின் நீளத்தைவிட அதிகம்.

இப்போது நிமிடத்தால் வகுங்கள். 4,029ஐ 3,882ஆல் வகுத்து 36ஆல் பெருக்கினால் 37.4 கிடைக்கும். 36 நிமிடத்துக்கு எத்தனை புள்ளி என்பது கூடைப்பந்துக்காரர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் அளவு. நட்சத்திர வீரர் இன்று ஓர் ஆட்டத்தில் ஆடும் நேரம் ஏறக்குறைய அதுதான்.

பிறகு லீக் சராசரி. 1961-62இல் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக 118.8 புள்ளி எடுத்தது. கூடையை நோக்கி 107.7 முறை எறிந்தது. ஜேம்ஸ் ஹார்டன் 36.1 சராசரி எடுத்த 2018-19இல் லீக் சராசரி 111.2. சேம்பர்லெய்னின் 37.4ஐ 111.2ஆல் பெருக்கி 118.8ஆல் வகுத்தால் 35.0. ஹார்டன் ஆட்டத்துக்கு 36.8 நிமிடம் ஆடினார்; அவருடைய 36.1ஐ 36 நிமிடத்துக்கு மாற்றினால் 35.3.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். 50.4க்கும் 36.1க்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருந்தது. காலத்தையும் நேரத்தையும் சமன் செய்ததும் 35.0, 35.3 என்று தோளோடு தோள் நிற்கின்றன. இதனால் சேம்பர்லெய்னின் சாதனை சிறுத்துவிடவில்லை. அதன் உயிர் எங்கே இருக்கிறது என்று தெரிகிறது, அவ்வளவுதான். ஒரு நிமிடத்தில் அவர் குவித்த வேகத்தை இன்றும் ஒருவர் எட்ட முடியும். அந்த வேகத்தை 80 ஆட்டமும் ஓய்வின்றித் தாங்கியதைத்தான் எட்ட முடியாது. யாரும் தொடாத எண் எது என்று கேட்டால் 50.4ஐவிட 48.5ஐச் சொல்வதே சரி.

இந்த முறைக்கு எல்லை உண்டு. லீக் சராசரியால் சமன் செய்வது ஆட்ட வேகத்தையும் குறிதவறாமையையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறது. 1961-62இல் என்பிஏவில் ஒன்பதே அணிகள். எதிராளிகளின் உயரமும் தரமும் எப்படி இருந்தன என்பதை எந்தப் பெருக்கலும் காட்டாது. ஆகவே 35.0 என்பதை 'இன்று ஆடியிருந்தால் இவ்வளவு எடுத்திருப்பார்' என்று படிக்காதீர்கள். அன்றைய சந்தையில் அவர் சரக்கின் விலை இன்றைய பணத்தில் எவ்வளவு என்று மட்டும் படியுங்கள்.

ரீபவுண்டுக்கும் அசிஸ்டுக்கும் வேறு பகுதி

1961-62இல் சின்சினாட்டியின் ஆஸ்கர் ராபர்ட்சன் ஒரு சீசன் முழுவதற்கும் ட்ரிபிள் டபுள் (மூன்று கணக்கிலும் இரட்டை இலக்கம்) சராசரி வைத்தார்: 30.8 புள்ளி, 12.5 ரீபவுண்ட் (தவறித் திரும்பிய பந்தைப் பிடிப்பது), 11.4 அசிஸ்ட் (கூடை விழ வழிசெய்த பாஸ்). 2016-17இல் ஓக்லஹோமா சிட்டியின் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் 31.6, 10.7, 10.4. ட்ரிபிள் டபுள் எண்ணிக்கை ராபர்ட்சனுக்கு 41, வெஸ்ட்புரூக்குக்கு 42.

ரீபவுண்டைப் புள்ளிச் சராசரியால் சமன் செய்யக் கூடாது. எறிந்த பந்து தவறினால்தான் ரீபவுண்ட் பிறக்கும், எனவே பகுதி என்பது தவறிய எறிதல்கள். 1961-62இல் அணிக்கு 107.7 எறிதல், 42.6 சதவீதம் உள்ளே; தவறியவை சுமார் 61.8, இரு அணிக்கும் சேர்த்து 124 அளவு. 2016-17இல் 85.4 எறிதல், 45.7 சதவீதம் உள்ளே. இரு அணிக்கும் சேர்த்துத் தவறியவை 93 அளவு. தவறிய ஃப்ரீ த்ரோக்களை இதில் சேர்க்கவில்லை. ஒப்பீட்டுக்கு இது போதும். ராபர்ட்சன் எடுத்தது அவற்றில் 10 சதவீதம், அதுவும் ஆட்டத்துக்கு 44.3 நிமிடம் நின்று. வெஸ்ட்புரூக் 34.6 நிமிடமே நின்று 11.5 சதவீதம் எடுத்தார். ரீபவுண்டில் வெஸ்ட்புரூக்கின் கை தெளிவாகவே ஓங்குகிறது.

அசிஸ்டில் தராசு கொஞ்சம் மறுபக்கம் திரும்பும். ஒரு பாஸ் அசிஸ்டா இல்லையா என்று முடிவு செய்பவர் மேசையில் உட்கார்ந்து குறிக்கும் ஆள். 1961-62இல் லீக் முழுவதும் நூறு கூடைக்கு 52 அளவில் அசிஸ்ட் கொடுத்தார்கள். 2016-17இல் 58 அளவில். அன்று எண்ணிய கை இறுக்கமானது. ராபர்ட்சனின் 11.4ஐ 58ஆல் பெருக்கி 52ஆல் வகுத்துப் பாருங்கள், 12.7 வரும். ஆனால் அன்று கூடைகளும் அதிகம் விழுந்தன என்பதால் அதற்கும் ஒரு கழிவு போட வேண்டும்: அணிக்குச் சுமார் 46 கூடை அன்று, 39 கூடை 2016-17இல். அதையும் சேர்த்தால் 10.8க்கு வந்து நிற்கும். ஒரே ஒரு திருத்தத்தோடு நின்றுவிட்டால் நமக்குப் பிடித்த வீரர்தான் ஜெயிப்பார், இது எப்போதும் நடப்பது. தனக்கு எதிரான திருத்தத்தையும் போட்ட பிறகே விடையை எழுதுங்கள்.

ஹோம் ரன்: ஆட்ட எண்ணிக்கை காட்டும் பொய்

பேப் ரூத் 1927இல் 60 அடித்தபோது சீசன் அட்டவணை 154 ஆட்டம். ரோஜர் மாரிஸ் 1961இல் 61 அடித்தபோது, மேஜர் லீக் பேஸ்பாலின் இரு லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் லீக் 162 ஆட்டத்துக்கு மாறியிருந்தது. 154 ஆட்டத்துக்குள் முறியடிக்காவிட்டால் தனிக் குறிப்போடுதான் பதிவாகும் என்று அன்றைய ஆணையர் ஃபோர்டு ஃப்ரிக் அறிவித்தார். 154 ஆட்டம் முடிந்தபோது மாரிஸிடம் 59. அந்தப் பிரிப்பு 1991இல்தான் நீக்கப்பட்டது. மாரிஸ் 1985லேயே இறந்துவிட்டார்.

பகுதியை மட்டும் ஒருவர் எடுத்துப் போட்டிருந்தால் அந்த முப்பது ஆண்டு மனக்கசப்புக்கு இடமே இருந்திருக்காது. ரூத் களத்துக்கு வந்தது 691 முறை. மாரிஸ் 698 முறை. வேறுபாடு ஏழே ஏழு. அட்டவணையில் எட்டு ஆட்டம் கூடியதே தவிர மாரிஸுக்குக் கிடைத்த வாய்ப்பு ஏறக்குறைய அதேதான். பேஸ்பாலில் ஆட்டத்தை எண்ணாதீர்கள், பிளேட் அப்பியரன்ஸை (அடிக்கக் களத்துக்கு வந்த முறைகளை) எண்ணுங்கள்.

ஒரு ஹோம் ரன்னுக்கு எத்தனை அட்-பேட் என்றும் போடலாம்: ரூத் 9.0, மாரிஸ் 9.7, 2022இல் 62 அடித்த ஆரன் ஜட்ஜ் 9.2, 1998இல் 70 அடித்த மார்க் மெக்வயர் 7.3, பாண்ட்ஸ் 6.5. இந்த வரிசையில் ரூத் நடுவில் காணாமல் போகிறார். லீக்கைக் கீழே வைத்தால் எழுந்து நிற்பார். 1927இல் அமெரிக்கன் லீக் முழுவதும் அடித்தது 439 ஹோம் ரன், அதில் 13.7 சதவீதம் அவர் ஒருவருடையது. அவர் அணியைத் தவிர வேறெந்த அமெரிக்கன் லீக் அணியும் மொத்தமாகவே 60ஐ எட்டவில்லை. 2001இல் மற்றொரு லீக்கான நேஷனல் லீக் அடித்தது 2,952. அதில் பாண்ட்ஸின் 73 என்பது 2.5 சதவீதம். 1927இல் லீக்கில் எட்டு அணி, 2001இல் பதினாறு. அதனால் நேர்செய்ய பாண்ட்ஸின் பங்கை இரட்டிப்பாக்கினாலும் 5 சதவீதத்தைத் தாண்டாது.

ஊக்கமருந்து பற்றி: மேஜர் லீக்கில் தண்டனையுடன் கூடிய பரிசோதனை 2004இல்தான் தொடங்கியது. மெக்வயர் தாம் பயன்படுத்தியதை 2010இல் ஒப்புக்கொண்டார். அந்தக் கால எண்களோடு இதைக் குறிப்பாக எழுதிவையுங்கள். 'மருந்துக்காக இவ்வளவு கழிப்போம்' என்று எண்ணைக் குறைக்கப் போகாதீர்கள். அதற்கு நம்பத்தக்க வாய்பாடு இல்லை.

கிப்சனா, பெட்ரோவா?

ஈஆர்ஏ என்பது ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் தன் பொறுப்பில் விட்ட ரன். கணக்குப் போடும் முன் ஒரு கண்ணியைத் தெரிந்துகொள்ளுங்கள். இன்னிங்ஸ் 304.2 என்று அச்சிட்டிருந்தால் அது 304ம் இரண்டு பத்தில் அல்ல, 304ம் மூன்றில் இரண்டும். நம் ஊரில் 19.4 ஓவர் என்றால் 19 ஓவரும் நான்கு பந்தும் என்று புரிந்துகொள்வது போலத்தான். எக்செல்லில் 304.2 என்று அப்படியே போட்டால் விடை பிசகும், 304.667 என்று மாற்றிப் போடுங்கள். கிப்சன் விட்டது 38 ரன். 38ஐ ஒன்பதால் பெருக்கி 304.667ஆல் வகுத்தால் 1.12.

1968 பிட்சர்களின் ஆண்டு. இரு லீக்கும் சேர்ந்த பேட்டிங் சராசரி .237. அமெரிக்கன் லீக்கில் கார்ல் யஸ்திரெம்ஸ்கி ஒருவர்தான் .300ஐத் தாண்டினார், அதுவும் .301. மறு ஆண்டே பிட்சர் நிற்கும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாக வெட்டினார்கள், ஸ்ட்ரைக் எல்லையையும் (சரியான வீச்சு என்று எண்ணப்படும் பரப்பையும்) சுருக்கினார்கள். நேஷனல் லீக்கின் 1968 ஈஆர்ஏ 2.99, கிப்சனுடையது அதில் 37 சதவீதம். 2000ஆம் ஆண்டு பாஸ்டனின் பெட்ரோ மார்ட்டினெஸின் ஈஆர்ஏ 1.74, அமெரிக்கன் லீக்குடையது 4.91, அது 35 சதவீதம். அந்த லீக்கில் பிட்சருக்குப் பதிலாக அடிக்கவென்றே ஒரு ஆள் உண்டு. கிப்சன் எதிர்கொண்ட வரிசைகளில் பிட்சர்களும் அடிக்க வந்தார்கள்.

மைதானத்தையும் கணக்கில் சேர்க்கும் அளவு ஈஆர்ஏ பிளஸ். லீக் சராசரிக்கு 100, கூடக் கூடச் சிறப்பு. கிப்சனுக்கு 258, பெட்ரோவுக்கு 291. தரத்தில் பெட்ரோவின் சீசனே மேல். ஆனால் பெட்ரோ வீசியது 217 இன்னிங்ஸ். கிப்சன் ஏறக்குறைய 88 இன்னிங்ஸ் கூடுதலாக வீசி, 28 ஆட்டங்களைத் தானே முடித்து, 13 ஆட்டங்களில் எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. விகிதத்தையும் சுமையையும் எப்போதும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் எழுதுங்கள். ஒன்றாக்க முயன்றால் இரண்டும் கெடும்.

தகுதி வரம்பு

விகிதச் சாதனைக்கு ஒரு குறைந்தபட்ச வாய்ப்பு உண்டு. பேஸ்பாலில் பேட்டிங்குக்கு, அணியின் ஓர் ஆட்டத்துக்கு 3.1 பிளேட் அப்பியரன்ஸ், 162 ஆட்டத்துக்கு 502. ஈஆர்ஏவுக்கு ஆட்டத்துக்கு ஓர் இன்னிங்ஸ். வரம்பை எட்டாதவருக்கு ஓர் இடைவழி இருக்கிறது. 1996இல் டோனி க்வின் 498தான் வைத்திருந்தார், சராசரி .353. குறைந்த நான்கையும் ஹிட் இல்லாத அட்-பேட்டாகச் சேர்த்தாலும் .349 வந்து முதலிடம் நின்றதால் பட்டம் அவருக்கே போனது. என்பிஏவில் ஃப்ரீ த்ரோ சதவீதத்துக்கு 125 உள்ளே போயிருக்க வேண்டும். 2008-09இல் ஹோசே கால்டெரோன் 154இல் 151 போட்டு 98.1 சதவீதம் எடுத்தார். இதைப் பார்க்கும்போது 154 என்ற சிறிய பகுதியையும் சேர்த்தே பாருங்கள்.

2024 மே மாதம் நீக்ரோ லீக் (கறுப்பின வீரர்கள் ஆடிய தனி லீக்குகள்) புள்ளிவிவரங்கள் மேஜர் லீக் பதிவில் சேர்ந்தன. அதன்பின் ஒரு சீசன் பேட்டிங் சராசரியின் உச்சம் 1943இல் ஜாஷ் கிப்சன் எடுத்த .466, முன்பு அந்த இடத்தில் இருந்தது 1894இல் ஹியூ டஃபி எடுத்த.440. 'குறைந்த ஆட்டம்தானே' என்று சிலர் தள்ளப் பார்ப்பார்கள். வரம்பு அவருடைய அணி ஆடிய ஆட்டங்களை வைத்தே போடப்பட்டது. பெருந்தொற்று ஆண்டான 2020இன் 60 ஆட்ட சீசனும் முழுப் பதிவாகவே நிற்கிறது. லீக் அட்டவணை குறுகியதற்குக் காரணம், கறுப்பின வீரர்களை 1947 வரை மேஜர் லீக்குகள் வெளியே நிறுத்தியிருந்ததுதான். அவர்கள் ஊர் ஊராகப் போய் ஆடிய மற்ற ஆட்டங்கள் கணக்கிலேயே வரவில்லை. மொத்தச் சாதனைகளில் அவர்கள் பெயர் மேலே வராததைத் திறமைக் குறைவாகப் படிப்பது பெரும் பிழை.

எண்ணத் தொடங்கிய ஆண்டு

என்பிஏ பிளாக்கையும் (எதிராளியின் எறிதலைத் தடுப்பது) ஸ்டீலையும் (பந்தைப் பறிப்பது) எண்ணத் தொடங்கியது 1973-74இல். மார்க் ஈட்டனின் 456 பிளாக் (1984-85) 'பதிவான காலத்தின்' உச்சம்; அதற்கு முன் ஆடிய பில் ரஸ்ஸலுக்கு எண்ணே கிடையாது, பூஜ்யம் என்று நிரப்பாதீர்கள், கட்டத்தைக் காலியாக விடுங்கள். மூன்று புள்ளிக் கோடு 1979-80இல் வந்தது. 1994-95 முதல் மூன்று சீசன் அதை 22 அடிக்குக் கிட்டே கொண்டுவந்தார்கள், அந்த ஆண்டுகளின் எண்களுக்குக் குறி போடுங்கள். பேஸ்பாலில் 60 அடி 6 அங்குல வீச்சுத் தூரம் 1893இல் வந்தது, சேவ் (முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்த பிட்சருக்கான கணக்கு) 1969இல் அதிகாரபூர்வமானது, பேஸின் அகலம் 2023இல் 15லிருந்து 18 அங்குலமானது. ஷோஹெய் ஓடானி 2024இல் 54 ஹோம் ரன்னோடு திருடிய (அடி இல்லாமலே ஓடி அடைந்த) 59 பேஸை, 1982இல் ரிக்கி ஹெண்டர்சன் திருடிய 130க்குப் பக்கத்தில் வைக்கும்போது இது நினைவிருக்கட்டும்.

முந்தைய உச்சத்திலிருந்து எவ்வளவு தாவல்?

புதிய சாதனையைப் பழையதால் வகுப்பது எளிய சோதனை. 2015-16இல் ஸ்டெஃபன் கரி 402 மூன்று புள்ளி எறிதல்களை உள்ளே போட்டார். முந்தைய உச்சம் அவருடைய 286. தாவல் 41 சதவீதம். 1920இல் ரூத் தன்னுடைய 29ஐ 54 ஆக்கியது 86 சதவீதம். இந்தச் சோதனை ஆட்டமே மாறிக்கொண்டிருக்கும் காலத்தில் ஏமாற்றும், எனவே முயற்சியையும் சேர்த்துப் பாருங்கள். ஹார்டன் 2018-19இல் 378 போட்டார், 1,028 முறை எறிந்து. கரி எறிந்தது 886, 45.4 சதவீதம் உள்ளே. 402க்குக் கிட்டே வந்தவர்கூட அந்தக் குறிதவறாமைக்குக் கிட்டே வரவில்லை.

எழுதி வைக்கும் முறை

ஒரு சாதனைக்கு ஒரு வரி: வீரர், சீசன், தொகுதி, பகுதி, விகிதம், லீக் சராசரி, அதோடு ஒப்பிட்ட சதவீதம், விதிக் குறிப்பு, பார்த்த தேதி. விகிதத்தை மூன்று இலக்கத்தோடு நிறுத்தாமல் தொகுதியையும் பகுதியையும் வைத்திருங்கள். 1941இன் கடைசி நாள் காலையில் டெட் வில்லியம்ஸ் 448இல் 179, அதாவது .39955, ஏட்டில் அது.400. அன்று ஃபிலடெல்ஃபியாவில் இரண்டு ஆட்டத்திலும் இறங்கி எட்டில் ஆறு அடித்து 456இல் 185, .406இல் முடித்தார். மூன்று இலக்கம் மட்டும் வைத்திருப்பவருக்கு அவர் ஏன் இறங்க வேண்டியிருந்தது என்பதே விளங்காது.

பார்த்த தேதி எதற்கு என்றால், பழைய எண்களும் மாறும். ஹாக் வில்சன் 1930இல் தன் அடியால் அணிக்குக் கொண்டுவந்த ரன்கள் 190 என்று தலைமுறைகளாக அச்சானது. அந்த ஆண்டு ஜூலை ஆட்டம் ஒன்றில் அவருக்குச் சேர வேண்டிய ஒரு ரன் அணித்தோழர் சார்லி கிரிம் பெயரில் விழுந்திருந்தது பின்னர் கண்டுபிடிக்கப்பட்டு, 1999இல் அதிகாரபூர்வ எண் 191 ஆனது.